விடுமுறைக்கு வந்த வங்காளம்

சத்யஜித் ரேயின் ‘அரண்யேர் தின் ராத்ரி’ 1970 ஜனவரியில் வெளிவந்தது. கல்கத்தாவிலிருந்து நான்கு நண்பர்கள் காரில் கிளம்பி, அன்றைய பீகாரின் பலாமூ காட்டுக்குப் போகிறார்கள். முன்பதிவு இல்லாமலே வனத்துறை பங்களாவில் தங்குகிறார்கள், குடிக்கிறார்கள், பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளிப் பெண்களோடு பழகுகிறார்கள், சில நாளில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான். நகரத்து ஆண்களின் மனத்தைத் துருவிப் பார்க்கும் படம் என்றே இதைப் பெரும்பாலும் எழுதிவந்திருக்கிறார்கள். காடு அதற்கு வாய்த்த ஒதுக்குப்புறமான இடம், வேறொரு காடாக இருந்தாலும் கதை மாறியிருக்காது என்ற எண்ணம் அந்தப் பார்வைக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்காள நடுத்தர வர்க்கம் ஏறத்தாழ நூறாண்டு காலம் மேற்கே இருக்கும் சோட்டா நாக்பூர், சந்தால் பர்கனா மேட்டு நிலங்களுக்குக் காற்று மாற்றத்துக்காகப் போய்வந்தது. அந்தப் பழக்கம் எதன்மேல் நின்றது, யாருடைய உழைப்பில் நடந்தது, கடைசியில் என்னவாகத் தேய்ந்தது என்பதற்கு இந்தப் படம் மிகத் துல்லியமான சாட்சி. அதை அப்படிப் பார்த்தால்தான் படத்தின் மையத்தில் இருப்பவர் யார் என்பதும் புலப்படும்.

பழக்கம் காய்ச்சலில் தொடங்கியது. 1860களிலும் 70களிலும் பர்த்வான், ஹூக்ளி பகுதிகளை ‘பர்த்வான் காய்ச்சல்’ என்று பேர்பெற்ற கொள்ளைநோய் வாட்டியது. ஊர் ஊராக மக்கள் செத்தார்கள். ஆற்றுநீர் வழக்கமாகப் பாய்ந்து வடியும் வழிகளைச் சாலைக் கரைகளும் ரயில்பாதைக் கரைகளும் மறித்ததால் நீர் தேங்கியதே காரணம் என்று திகம்பர் மித்ரா அந்தக் காலத்திலேயே வாதிட்டார். பின்னால் 1920களில் வங்காள மாகாணத்தின் சுகாதாரத் துறைத் தலைவராக இருந்த பென்ட்லியும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் நிறுவியது 1897-98இல்தான். அதுவரை ஈரமும் சதுப்பும் கலந்த காற்றுதான் நோய் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். ஆகவே மருந்து, வறண்ட காற்று. ‘ஹாவா பதல்’ என்று வங்காளிகள் சொல்லும் காற்று மாற்றம் மருத்துவர் வாயிலிருந்து வரும் கட்டளையானது. டார்ஜிலிங் வெள்ளைக்காரருக்கும் பெரும் பணக்காரருக்கும் உரியதாக இருந்தது. வக்கீல் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் போகக்கூடிய இடத்தை 1871 காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு கிழக்கிந்திய ரயில்வே, மதுபூர், ஜசிடி, சிமுல்தலா, ஜாஜா வழியாகக் குறுக்குப் பாதை ஒன்றைத் திறந்தது. நிலக்கரிக்காக மதுபூரிலிருந்து கிரிடிக்கு ஒரு கிளைப் பாதையும் பிரிந்தது. காலையில் ஹௌராவில் ஏறினால், சால மரமும் செம்மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் உள்ள மேட்டு நிலத்தில் அன்றைக்கே இறங்கிவிடலாம். நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ரயில்பாதையே நோயாளியைத் தப்பவைக்கவும் வந்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் தியோகர், மதுபூர், கிரிடி, சிமுல்தலா, காட்சிலா என்று வரிசையாக வங்காளிகளின் வீடுகள் எழுந்தன. அகலமான வராந்தா, ரோஜாத் தோட்டம், வாசலில் வீட்டின் பெயர் பொறித்த கல். ஆண்டில் பத்து மாதம் பூட்டியிருக்கும் அந்த வீடுகளை மாலி (தோட்டக்காரர்) காத்துக்கொண்டிருப்பார். துர்கா பூஜை விடுமுறைக்கு முதலாளி குடும்பத்தோடு வருவார். எளிய கூட்டம் மட்டும் வந்ததாக நினைத்துவிடக் கூடாது. ராஜ்நாராயண் பாசு தம் கடைசி இருபது ஆண்டுகளைத் தியோகரில் கழித்தார். ஜோதிரிந்திரநாத் தாகூர் ராஞ்சியின் மொராபாதிக் குன்றில் வீடு கட்டி அங்கேயே இறந்தார். ஜகதீஷ் சந்திர போஸ் 1937இல் காலமானது கிரிடியில். விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1950இல் காட்சிலாவில் மறைந்தார். வங்காளத்தின் அறிவு வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த வறண்ட காற்றில் ஓய்வெடுத்தது, எழுதியது, இறந்தது. ரேயின் பேராசிரியர் ஷங்கு கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த விஞ்ஞானி குடியிருப்பது உஸ்ரி நதிக்கரையில், கிரிடியில்தான். ஒரு வங்காளிக் குழந்தையின் கற்பனையில் அமைதியான வீட்டுக்கு முகவரி எது என்று ரேக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த மேட்டு நிலம் ஆளில்லாத வெளியாக இருந்ததில்லை. குறுக்குப் பாதை திறந்த 1871க்குப் பதினாறு ஆண்டு முன்னால், 1855இல், அந்தப் பகுதியின் சந்தால் மக்கள் வட்டிக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் அவர்களைக் காத்துநின்ற கம்பெனி ஆட்சிக்கும் எதிராக எழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட பிறகுதான் சந்தால் பர்கனா என்ற தனி மாவட்டம் பிறந்தது. அதற்கும் முன்பு 1831-32இல் சோட்டா நாக்பூரில் கோல் பழங்குடியினரின் எழுச்சி. பிறகு 1899-1900இல் பிர்சா முண்டாவின் எழுச்சி. பழங்குடியினர் நிலம் வெளியாருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் 1908இல் வந்ததே இந்த எழுச்சிகளின் விளைவு. தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வங்காளிக் குடும்பங்கள் ரோஜாத் தோட்டம் போட்ட அதே காலத்தில், அதே மண்ணில், நிலத்தை யார் வைத்திருப்பது என்ற போர் நடந்துகொண்டிருந்தது. சந்தையில் கோழியும் முட்டையும் பாலும் விற்கும் விலையைக் கேட்டு, எவ்வளவு மலிவு என்று ஆங்கிலத்தில் (‘டேம் சீப்’) வியந்த கல்கத்தாக்காரர்களுக்கு உள்ளூர் மக்கள் ‘டாஞ்சி பாபு’ என்று பெயர் வைத்தார்கள். வந்தவருக்கு மலிவாக இருந்தது, விற்றவரின் கூலி அவ்வளவு குறைவாக இருந்ததால்தான்.

படத்தின் தொடக்கத்தில், ஓடும் காரில், நண்பர்களில் ஒருவனான சஞ்சய் ஒரு பழைய புத்தகத்தை வாசித்துக்கொண்டு வருகிறான். அது சஞ்சீவ் சந்திர சட்டோபாத்யாயவின் ‘பலாமூ’. பங்கிம் சந்திரரின் அண்ணன் அவர். அரசு அதிகாரியாகப் பலாமூவில் வேலை பார்த்து, அந்த நினைவுகளை 1880-82இல் ‘பங்கதர்ஷன்’ இதழில் தொடராக எழுதினார். வங்காளிக்குக் காடு எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானித்த நூல் அது. ரவீந்திரநாத் தாகூரே அதைப்பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். மலை, மஹுவா மரம், கோல் பெண்களின் கறுத்த அழகு, அவர்களுடைய ஆட்டம் ஆகியவை பள்ளிப் பாடம் வழியாகவும் படித்த வீடுகளுக்குள் போய்ச்சேர்ந்தன. ஆனால் அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது. கலியாணச் செலவுக்குக் கடன் வாங்கும் கோல் மனிதன் வட்டிக்காரனிடம் சிக்கி, கடைசியில் தன்னையே அடிமையாக எழுதிக்கொடுக்கும் வழக்கத்தையும் சஞ்சீவ் சந்திரர் சொல்கிறார். அவருக்கு அது கண்ணில் படாமல் இருக்க முடியாது, ஏனெனில் வங்காளக் குடியானவர்களின் சட்ட உரிமைபற்றி 1864லேயே நூல் எழுதியவர். வாசகர்கள் ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டார்கள், அடிமைச் சீட்டை மறந்தார்கள். காரில் இருக்கும் நால்வரும் அந்த வாசகர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் போய்ச்சேரும் இடத்தை அவர்களுக்கு முன்பே ஒரு புத்தகம் பாதி மட்டும் அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறது.

படத்துக்கு மூலமான சுனில் கங்கோபாத்யாயவின் நாவலில் நண்பர்கள் ரயிலில் வந்து தால்பூம்கர் நிலையத்தில் இறங்குகிறார்கள். ரே அவர்களைக் காரில் ஏற்றி, இடத்தையும் பலாமூவுக்கு மாற்றினார். கோயல் நதியும் ஔரங்கா நதியும் கூடும் கேச்கியின் வனத்துறை பங்களாவில் படம்பிடித்தார். எழுத்தாளர்களும் ரசிகர்களும் இந்த மாற்றத்தை நாவலுக்குச் செய்த துரோகமாகவோ படப்பிடிப்பு வசதியாகவோ பேசுவதுண்டு. எனக்கு இது படத்தின் மிகக் கூர்மையான வரலாற்று முடிவாகத் தெரிகிறது. ரயிலில் வந்த பழைய தலைமுறைக்கு ஊரில் வீடு இருந்தது, ஆண்டுக்கு ஆண்டு திரும்பிவரும் கடமை இருந்தது, மாலியின் பெயராவது தெரிந்திருந்தது. படத்தில் அந்தத் தலைமுறையும் இருக்கிறது. பஹாரி சன்யால் நடித்த முதியவர் சதாசிவ் திரிபாதி, மகள் அபர்ணாவோடும் விதவை மருமகள் ஜெயாவோடும் அங்கே தம் சொந்த வீட்டில் தங்கியிருக்கிறார். நால்வருக்கோ அங்கே வேர் எதுவும் இல்லை. நெடுஞ்சாலை இருக்கிறது, கார் இருக்கிறது, சில நாள் விடுப்பு இருக்கிறது. வந்ததும் நாகரிகத்தோடு உறவை அறுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு செய்தித்தாளைக் கொளுத்துகிறார்கள். அதற்குள் மருத்துவக் காரணமும் மறைந்துவிட்டிருந்தது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் டிடிடி மருந்தும் வங்காளத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டன. 1969இல் எவரும் உயிர் பிழைக்க மேற்கே போகவில்லை. காரணம் போன பிறகு பழக்கத்தில் மிஞ்சியிருந்தது என்ன என்பதைத்தான் ரே படமெடுத்தார்.

மிஞ்சியிருந்தது, காசு கொடுத்தால் எல்லாம் நடக்கும் என்ற நிச்சயம். வனத்துறை பங்களாக்கள் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1865லும் 1878லும் வந்த வனச் சட்டங்கள் காட்டை அரசுச் சொத்தாக்கின. அந்தச் சொத்தைப் பார்வையிட வரும் அதிகாரி இரவு தங்குவதற்காகக் குதிரைப் பயண தூரத்துக்கு ஒன்றாக அவை எழுந்தன. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்தவன் அத்துமீறுபவனானான். அவர்களில் ஒருவனுக்குச் சாவிக்கொத்தைக் கொடுத்துக் காவலுக்கு வைத்தது அரசு. டால்டன்கஞ்ச் அலுவலகத்திலிருந்து அனுமதிச் சீட்டு வந்தால் கதவைத் திற, இல்லையென்றால் திறக்காதே. சௌகிதார் என்ற அந்தக் காவலாளியின் வேலையும் பிழைப்பும் இந்த ஒரே விதியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. படத்தில், நண்பர்களில் ஒருவனான அசீம் (சௌமித்ர சட்டர்ஜி) அவர் கையில் பணத்தைத் திணிக்கிறான். கதவு திறந்ததும், நாட்டில் ஊழல் இருப்பதற்கு நன்றி சொல்கிறான். தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சௌகிதார் சொல்வது அவர்கள் காதில் ஒரு தடங்கலாக மட்டுமே விழுகிறது. சமையலுக்கு யார் என்பதுதான் அவர்கள் கவலை. படம் முக்கால்வாசி தாண்டிய பிறகு அபர்ணா அசீமை அந்தக் குடிசையின் ஜன்னலருகே கூட்டிப்போகிறாள். அந்த அம்மா எந்த நிலையில் கிடக்கிறாள் என்பதை அவன் அப்போதுதான் பார்க்கிறான். இத்தனை நாளும் சில அடி தூரத்தில் இருந்திருக்கிறாள். வன அதிகாரி வந்து அனுமதி எங்கே என்று கேட்டு, சௌகிதாரின் வேலைக்கு ஆபத்து வரும்போது, அவரைக் காப்பாற்றுவது சட்டமும் இல்லை, அசீமின் பணமும் இல்லை. திரிபாதி குடும்பத்துப் பெண்களுக்கும் அதிகாரிக்கும் உள்ள பழக்கம். விதி முதலில் பணத்துக்கு வளைந்தது, பிறகு அறிமுகத்துக்கு வளைந்தது. அந்த மனிதரின் கையில் இரண்டும் இல்லை.

நண்பர்களில் சேகருக்கு வேலை இல்லை, சஞ்சய் சணல் ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி. 1969இன் கல்கத்தாவில், ஐக்கிய முன்னணி ஆட்சியும் ஆலை முற்றுகைகளும் நடக்கும் நாட்களில், அந்தப் பதவி என்ன பதற்றத்தைத் தரும் என்பதை அன்றைய பார்வையாளருக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அஞ்சியவன் காட்டில் சௌகிதாரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாலாவது நண்பன் ஹரியின் நடத்தை இன்னும் வெளிப்படையானது. கூலிக்கு வேலை செய்யும் லக்காவை, பர்ஸ் காணோம் என்ற சந்தேகத்திலேயே அடித்துத் துரத்துகிறான். துலி என்ற பழங்குடிப் பெண்ணைக் காட்டுக்குள் அழைத்துப்போகிறான். திரும்பும் வழியில் லக்கா மறைந்திருந்து தாக்கி, பர்ஸை எடுத்துக்கொண்டு போகிறான். நூறாண்டுப் பழக்கத்தின் கணக்கில் உள்ளூர்க்காரன் தன் பங்கைக் கேட்கும் ஒரே இடம் அதுதான். நான்கு நண்பர்களும் அபர்ணாவும் ஜெயாவும் மரத்தடியில் ஆடும் நினைவாற்றல் விளையாட்டை எல்லாரும் புகழ்கிறார்கள். புகழத் தக்கதுதான். தாகூர், மார்க்ஸ், கிளியோபாட்ரா, அதுல்ய கோஷ், மாவோ, பிராட்மன், ராணி ராஷ்மோனி என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. உலகமே அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் மண்ணைச் சேர்ந்த பெயர் ஒன்றுகூட இல்லை, பிர்சாவும் இல்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரே மட்டும் பார்த்தாரா? 1966-67இன் வறட்சியில் பீகாரில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டம் பலாமூ. 1967 ஏப்ரலில் அங்கே அதிகாரபூர்வமாகப் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுக்குள் எடுத்த படத்தில் பஞ்சத்தின் சுவடே இல்லை. துலியாக நடித்தவர் பம்பாய் நடிகை சிமி கரேவால், உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசி. துலி சந்தால் பெண் என்று பேசப்படுகிறாள். ஆனால் பலாமூவில் அதிகம் வாழ்பவர்கள் ஒராவன், கர்வார், செரோ, முண்டா மக்கள். இந்தக் குற்றச்சாட்டுகளை நான் தள்ளவில்லை. துலியின் பாத்திரம் படத்தின் பெரிய குறை, நடிப்பின் திறமை அதை ஈடுசெய்யாது. சஞ்சீவ் சந்திரர் கண்ட காட்டுப் பெண் அப்படியே திரையில் வந்து நிற்கிறாள். ஆனாலும் சௌகிதாரின் குடும்பம் விஷயத்தில் ரே அந்த மரபிலிருந்து விலகுகிறார். அங்கே வர்ணனை இல்லை, பரிதாப வசனம் இல்லை, பார்க்கத் தவறியவனின் முகத்தைக் காமிரா காட்டுகிறது. துலியிடம் பழக்கத்துக்கு அடிமைப்பட்ட அதே கலைஞர் சௌகிதாரிடம் அந்தப் பழக்கத்தை விசாரிக்கிறார். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால்தான் அது சாட்சியாகிறது, ஏனெனில் பழக்கம் எவ்வளவு ஆழம் என்பது அதை விசாரிப்பவரிடமும் தெரிகிறது.

இன்னொரு மறுப்பு, கற்பனைக் கதையிடம் வரலாற்றைக் கேட்கலாமா என்பது. அசீமின் கர்வம் உடைவதற்காகவே ஜன்னல் காட்சி இருக்கிறது, சௌகிதார் அதற்கு ஒரு கருவி என்று சொல்ல முடியும். அசீமின் கதை என்று பார்த்தால் அது சரிதான். ஆனால் கர்வம் உடைய ஆயிரம் வழி உண்டு. காதலில் தோற்கலாம், விளையாட்டில் தோற்கலாம். விளையாட்டில் அபர்ணா அவனுக்காகவே விட்டுக்கொடுக்கிறாள், அதுவே போதுமான அடி. அதற்குப் பிறகும் ரே அவனைக் குடிசை வரை நடக்கவைக்கிறார். அதோடு, இதே 1970இல் ‘பிரதித்வந்தி’யும் அடுத்து ‘சீமாபத்த’, ‘ஜன அரண்ய’ படங்களும் கல்கத்தாவின் வேலை, பதவி, தரகு என்ற உலகத்தைத் திறந்துகாட்டின. யாருடைய முதுகின்மேல் ஒருவனுடைய வசதி நிற்கிறது என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் அவரை விடாமல் துரத்தியது. அந்தக் கேள்வி முதலில் எழுந்தது காட்டில்.

எல்லா வங்காளிகளும் கண்ணை மூடிக்கொண்டா வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஈஸ்வரசந்திர வித்யாசாகர் கல்கத்தாவின் கசப்பிலிருந்து விலகி, அதே குறுக்குப் பாதையில் கர்மாடார் என்ற சிற்றூருக்கு வந்து வீடு வாங்கினார். சந்தால் மக்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தார், பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். அந்த ரயில் நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. ‘வனவாசி’ என்று தமிழிலும் வந்த விபூதிபூஷணின் ‘ஆரண்யக்’ நாவலில், காட்டை அழித்துக் குத்தகைக்கு விடும் தன் வேலையை நினைத்துக் கதைசொல்லி வருந்துகிறான். இவர்களை முன்னே நிறுத்திப் பழக்கத்தை மன்னித்துவிட முடியாது. அங்கே கண்திறந்து பார்ப்பது சாத்தியமாகவே இருந்தது என்பதற்கு இவர்கள் ஆதாரம். சாத்தியமாக இருந்தும் பெரும்பாலோர் பார்க்கவில்லை என்பதால் பொறுப்பு கூடுகிறது.

பலாமூவின் மீதிக் கதையை எழுதியவர் இன்னொரு வங்காளி. சஞ்சீவ் சந்திரர் கண்ட அடிமைச் சீட்டு ‘கமியா’ முறை என்ற பெயரில் அங்கே நீடித்தது. 1920இல் பீகார்-ஒரிசா மாகாணம் அதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டது. 1976இல் இந்தியா முழுதும் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பலாமூவில் கொத்தடிமைகள் இருந்தார்கள். மகாஸ்வேதா தேவி அங்கே போய் அவர்களோடு நடந்து, அவர்கள் சங்கமாகத் திரளத் துணைநின்று, கதைகளிலும் கட்டுரைகளிலும் அந்த மாவட்டத்தை எழுதினார். காட்டையோ 1973இல் புலிகள் காப்பகத் திட்டம் எடுத்துக்கொண்டது. நாட்டின் முதல் ஒன்பது காப்பகங்களில் பலாமூவும் ஒன்று. 2000இல் அந்த நிலம் ஜார்க்கண்ட் மாநிலத்துக்குள் வந்தது. ‘அரண்யேர் தின் ராத்ரி’யின் சீரமைத்த பிரதி 2025 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டது, அபர்ணாவாக நடித்த ஷர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் அங்கே இருந்தார்கள். இனி அந்தப் படம் தெளிவான பிரதியாகப் பலருக்கும் கிடைக்கும். பார்க்கும்போது நினைவாற்றல் விளையாட்டை ரசியுங்கள். அதோடு, சௌகிதார் எந்தெந்தக் காட்சியில் வருகிறார், அவரிடம் யார் என்ன கேட்கிறார்கள், அவர் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள் என்பதையும் தொடக்கம் முதல் கவனித்துக்கொண்டே வாருங்கள்.